மதம் ஒரு நிறுவனமாக இயங்குவதால் சமூகத்துக்கு நன்மை அதிகமா, தீமை அதிகமா?

இதைக் கேட்கும் நீங்கள் ஏதோ ஒரு சமயக் கூட்டத்தில் மனம் புண்பட்டு வெளியே வந்தவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். என் மதம் எது என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டுதான் சண்டை நடக்கும்.

அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது எங்கள் வழிபாட்டு மன்றத்து ஆட்கள் முறை வைத்து மருத்துவமனையில் இரவு கண் விழித்தார்கள். மருந்துச் செலவிலும் பங்கெடுத்தார்கள். அப்போது நான் வேலை பார்த்த அலுவலகமோ, விடுப்பு கேட்டதற்கு "வீட்டில் வேறு யாரும் இல்லையா?" என்று கேட்டது. அத்தனை வருடம் ஞாயிற்றுக்கிழமையும் உழைத்துக் கொடுத்த இடம் அது. இன்றும் ஆறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடிக்கும் கணவனை விட்டு என் தங்கை வீடு திரும்பினாள். அதே மன்றத்தின் பெரியவர்கள் வந்து, "பொறுத்துப் போ, திரும்பிப் போ" என்றார்கள். அவள் மறுத்தாள். அடுத்த வாரமே பாடகர் குழுவிலிருந்து அவளை நீக்கினார்கள். அப்பாவுக்குக் கண் விழித்தவர்களே அம்மாவிடம் பேச்சை நிறுத்தினார்கள்.

"அது மனிதர்களின் குறை, மதத்தின் குறை அல்ல" என்பீர்கள். ஆனால் ஒரே சொல்லுக்கு அத்தனை பேர் உதவிக்கு வந்ததும், ஒரே சொல்லுக்கு அத்தனை பேர் ஒதுங்கியதும் அமைப்பு இருந்ததால்தானே? 1783இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அடிமை வணிகத்துக்கு எதிராக மனுக் கொடுத்தவர்கள் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். சின்னக் கூட்டம்தான், கட்டுக்கோப்பு இருந்ததால் முடிந்தது. அமெரிக்காவில் பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவு, அடிமை வைத்திருப்பவர் மதம் பரப்பும் பணியாளராகலாமா என்ற தகராறில் உடைந்தது. ஆகலாம் என்ற தரப்பு 1845இல் தென்னக பாப்டிஸ்ட் அமைப்பைத் தொடங்கியது. அது மன்னிப்புக் கேட்டது 1995இல். இரண்டு தரப்பும் படித்தது ஒரே பைபிள்.

அயர்லாந்தில் கத்தோலிக்கத் துறவு சபைகள் நடத்திய விடுதிகளில் குழந்தைகள் பல பத்தாண்டுகள் வதைபட்டதை 2009இல் அரசு விசாரணை அறிக்கை வெளியிட்டது. அரசு விடுதிகளிலும் கொடுமை நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே அதிகாரியைக் கேள்வி கேட்பதைப் பாவம் என்று யாரும் சொல்வதில்லை. தலைமையைக் கேள்வி கேட்க முடியாத மத அமைப்பு தீமையே அதிகம் செய்யும் என்பது என் கருத்து. கேட்க முடிகிற அமைப்புகளும் உண்டு, அவற்றை இதில் சேர்க்கவில்லை.

மன்றத்துப் பெரியவர்கள் தங்கையிடம் மன்னிப்புக் கேட்கும்வரை நான் மன்றத்துக்குள் போவதாக இல்லை. நோயாளிக்கு இரவுத் துணை வேண்டுமென்றால் மட்டும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். கூப்பிட்டால் போகிறேன்.