வெங்காய வரி, பொன்னித் தடை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வெங்காயத்துக்கு இந்தியா போட்ட ஏற்றுமதி வரிக்கு சிங்கப்பூர் தேக்கா சந்தையில் நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்?
- தெம்பனிஸ் வாசகி

வரி கப்பல் ஏறும் முன்பே விலையில் சேர்ந்துவிடுகிறது. 2024 மே மாதம் இந்தியாவின் வெங்காய ஏற்றுமதித் தடை நீங்கியபோது வந்த விதியைப் பாருங்கள்: டன் 550 அமெரிக்க டாலருக்குக் குறைந்து விற்கக்கூடாது, அதன்மேல் 40% வரி. ஆக, 770 டாலர். கப்பல் கூலி தனி. சிங்கப்பூர் வெங்காயத்துக்குச் சுங்கவரி போடுவதில்லை, அதனால் இங்கே குறைக்க அப்படியொரு வரியும் இல்லை.

வரியைக்கூட வியாபாரி சமாளிப்பார். 2023 ஆகஸ்டில் 40% வரி, டிசம்பரில் முழுத்தடை, மே மாதம் இந்த விதி, செப்டம்பரில் வரி 20%, 2025 ஏப்ரலில் வரியே இல்லை. இப்படி இருந்தால் ஆறு மாத ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போடுவார்? இறக்குமதியாளர் பாகிஸ்தான், சீன வெங்காயத்துக்குப் போய்விடுவார். இந்தியாவுக்குள் விலை ஏறக்கூடாது என்ற கவலை நியாயம்தான். ஆனால் அதற்கான விலையைக் கொடுப்பவர் வெங்காயம் விளைவிக்கும் நாசிக் விவசாயி.

2023இல் பொன்னி கிடைக்காது என்று மூட்டை மூட்டையாக வாங்கினோம். தேவையா?
- ஈசூன் வாசகர்

தேவையில்லை. ஜூலையில் தடை வந்தது பாஸ்மதி அல்லாத பச்சரிசிக்கு. பொன்னிப் புழுங்கல் உட்பட புழுங்கலரிசிக்கு ஆகஸ்டில் 20% வரி மட்டுமே. அப்புறம் சிங்கப்பூருக்கென்று 50,000 டன் பச்சரிசிக்கு இந்தியா தனி அனுமதி கொடுத்தது. இங்கே அரிசி இறக்குமதி செய்பவர்கள் மாத இறக்குமதியைப்போல் இரு மடங்கைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும். பொன்னியும் அதில் அடக்கம். வாங்கியதில் வண்டு வராமல் இருந்தால் சரி.

தடைக்குப் பதில் விவசாயிக்கு நல்ல விலை கொடுத்தால் ஏற்றுமதி வளராதா?
- ஜூரோங் வாசகர்

எப்படிக் கொடுக்கிறோம் என்பதுதான் விஷயம். தாய்லாந்து 2011இல் டன் நெல்லை 15,000 பாட் கொடுத்து வாங்கியது. சந்தை விலையைவிட ஏறத்தாழ பாதி அதிகம். பதுக்கினால் உலக விலை ஏறும் என்று கணக்குப் போட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் இந்தியா தன் பழைய அரிசி ஏற்றுமதித் தடையை நீக்கியது. 2012இல் அரிசி ஏற்றுமதியில் முதலிடம் இந்தியாவுக்குப் போனது, தாய் அரிசி கிடங்கில் தங்கியது. அந்தப் பணம் பாசனத்துக்கும் விதைக்கும் போயிருந்தால் செலவு குறைந்திருக்கும் என்பது என் கட்சி.

இந்தியா மட்டும்தான் இப்படியா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி

இல்லையே! 2022 ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. அந்த மாத முடிவுக்குள் இந்தோனேசியக் கோழிக்கு சிங்கப்பூர் அனுமதி கொடுத்துவிட்டது.