உப்பு இருக்கிறது, கடல் எங்கே?

கேள்வி: கசகஸ்தானில் மருத்துவம் படிக்கும் என் மகள் ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு படம் அனுப்பினாள். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை, நடுவில் அவள். ஏரி என்கிறாள், தண்ணீர் இல்லை. உப்பு என்கிறாள், பக்கத்தில் கடல் இல்லை. அந்த உப்பு எங்கிருந்து வந்தது?
– வாசகி, நிலாவெளி

பதில்: நிலாவெளிக்காரருக்குத்தான் இந்தக் கேள்வி வரும், அக்கா. நமக்கு உப்பென்றால் கடல். என் அப்பா அங்கே உப்பளத்தில் பாத்தி வாரியவர். கடல்தண்ணி ஏறாமல் உப்பு விளையும் என்றால் அவரும் நம்பியிருக்கமாட்டார்.

நம் மகாவலியைப் பாருங்கள். மலைநாட்டுப் பாறையிலும் மண்ணிலும் கரைந்த உப்பை, நாக்குக்குத் தெரியாத அளவில் சுமந்துவந்து கொட்டியாரக் குடாவில் கடலிடம் சேர்த்துவிடுகிறது. கசகஸ்தான் புல்வெளியில் பல ஆறுகளுக்குக் கடலுக்குப் போக வழியில்லை. ஒரு பள்ளத்தில் போய் முடிந்துவிடும். தண்ணீர் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். ஆயிரமாயிரம் வருடமாக இதுதான் நடக்கிறது.

நமக்கு மார்கழியில் வாடைமழை. அங்கே குளிர்காலம் முழுக்க வெண்பனி. ஏப்ரலில் அது உருகி ஓடிவந்து பள்ளத்தை நிரப்பும், கோடை வெயிலும் ஓயாத காற்றும் வற்றவைக்கும். துர்காய் ஆறு போய்ச் சேரும் சல்கார்தெனிஸ் அப்படி ஒரு ஏரி. கசாக் மொழியில் 'தெனிஸ்' என்றால் கடல். கடல் இல்லை என்றீர்களே, அந்த மக்கள் ஏரியையே கடல் என்றுதான் கூப்பிடுகிறார்கள்! நூரா ஆறு சேரும் தெங்கிஸ் ஏரியின் பெயரும் அதே சொல்தான். மன்னாரில் நாம் பார்க்கிற பூநாரை இனம் அங்கே குஞ்சு பொரிக்கிறது. உலகிலேயே மிக வடக்கே அவை கூடுகட்டும் இடங்களில் அதுவும் ஒன்று. 2008இல் அந்த இடம் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

ஒன்று மட்டும் மகளிடம் சொல்லுங்கள். உப்பளத்தில் உப்புப் படிந்ததும், மிஞ்சும் கசப்புத் தண்ணியை அப்பாவின் ஆட்கள் திறந்துவிடுவார்கள். அங்கே திறந்துவிட ஆளில்லை. மக்னீசியக் கசப்பு உப்போடேயே கிடக்கும். அது ஈரத்தை இழுத்து வைப்பதால் மேலே பொருக்குக் காய்ந்தாலும் அடிச்சேறு காயாது. எட்டு வயதில் கும்புறுப்பிட்டிப் பக்கம் அப்படியொரு வெள்ளைப் பொருக்கில் ஓடி, முழங்கால்வரை புதைந்தேன். அப்பா பலகை போட்டு, அதில் குப்புறப் படுத்துத்தான் என்னை இழுத்தெடுத்தார். படம் எடுக்க நடுவுக்குப் போகவேண்டாம், கரையில் நின்றே எடுக்கட்டும்.