கதை எப்போது ஆரம்பிக்கும்?

கேள்வி: எனக்கு 54 வயது. பல்லடம் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டை ஒட்டியே எட்டுத் தறி ஓடுகிறது. மாலை ஏழு மணிக்கு மேல் சீரியல் பார்ப்பேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் ‘கொட்டுக்காளி’ படத்தைப் போட்டு, “பாருங்கள் அம்மா, நான் செல்போனில் இரண்டு தடவை பார்த்துவிட்டேன்” என்றான். அரை மணி நேரம் பார்த்துவிட்டு, “கதை எப்போது ஆரம்பிக்கும்?” என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். மருமகள் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். கோவையில் இருக்கும் நங்கையாள் (அண்ணி முறை), “சீரியல் பார்க்கிற கண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?” என்று எழுதினார். அன்றிலிருந்து நான் எதைப் பற்றியும் வாய் திறப்பதில்லை. ஊரே புகழும் படங்களைப் போட்டாலும் பாதியில் தூங்கிவிடுகிறேன். எனக்கு ரசனை இல்லையா? யார் பேச்சைக் கேட்டு எதைப் பார்ப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மணி (நம் பக்கத்து வழக்கப்படி இப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்), போகிற போக்கில் நீங்களே எழுதிவிட்டுப் போன ஒரு விஷயத்தை முதலில் பிடித்துக்கொள்கிறேன். மகன் அந்தப் படத்தைச் செல்போனில் பார்த்திருக்கிறான். காதில் மாட்டிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, தனியாகத்தான் பார்த்திருப்பான். நீங்கள் பார்த்தது கூடத்தில், டியூப்லைட் வெளிச்சத்தில். சுவருக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறி, தலைக்கு மேல் மின்விசிறி. நடுவில் ஒரு தடவையாவது எழுந்துபோய் அடுப்பில் பாலைப் பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள்.

‘கொட்டுக்காளி’யில் பின்னணி இசை கிடையாது. ஆட்டோ உறுமுவது, காற்று, கட்டிப்போட்ட சேவல் சிறகடிப்பது, யாரோ மூச்சை இழுத்து விடுவது என்று இயக்குநர் பி.எஸ்.வினோத்ராஜ் கதையில் பாதியை இந்தச் சத்தங்களுக்குள்தான் வைத்திருக்கிறார். அன்னா பென் நடித்த மீனாவோ கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை. தறிச் சத்தத்தில் இவ்வளவும் அடிபட்டுப் போனால் என்ன மிஞ்சும்? ஓர் ஆட்டோ போகிறது, நிற்கிறது, மறுபடியும் போகிறது. அதைப் பார்த்துவிட்டுக் கதை எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்காமல் வேறு என்ன கேட்பது? உங்கள் கூடத்தில் ஓடிய படத்தில் கதை ஆரம்பிக்கவே இல்லை.

அந்தக் கதையும் உங்களுக்குப் புதிதா என்ன? வேறு சாதிப் பையன் மேல் மனதை வைத்துவிட்ட பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி, குடும்பமே வண்டி கட்டிக்கொண்டு அவளைச் சாமியாடியிடம் அழைத்துப் போகிறது. மதுரைப் பக்கத்துக் கதைதான். ஆனால் இப்படி ஒரு பயணத்தைக் காதால்கூடக் கேட்டறியாத வீடு நம் கொங்கு மண்ணில் எத்தனை இருக்கும்? அந்த வண்டியில் யார் முன்னால் உட்கார்வார்கள், பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு யார் உட்கார்வார்கள், யார் ஒன்றும் தெரியாததுபோல் வெளியே பார்த்துக்கொண்டு வருவார்கள் என்பதெல்லாம் உங்கள் மகனைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். சத்தம் மட்டும் காதுக்கு எட்டியிருந்தால், அவனுக்கு நீங்கள் விளக்கம் சொல்லியிருப்பீர்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் நீங்கள் மட்டும் என்றும் நினைக்காதீர்கள். 2024 ஆகஸ்டில் அது திரையரங்குக்கு வந்தபோது, பெர்லின் திரைப்பட விழாவுக்குப் போய்வந்த படம் என்று கொண்டாடியவர்களும், முடிவைச் சொல்லாமலேயே விட்டுவிட்டார்களே என்று டிக்கெட் காசை நினைத்து நொந்தவர்களும் ஒரே அரங்கிலிருந்துதான் வெளியே வந்தார்கள். அடுத்த மாதம் ‘மெய்யழகன்’ வந்தது. நீளம், நீளம் என்றார்கள். சில நாட்களிலேயே 18 நிமிடங்களை வெட்டினார்கள். வெட்டியதும், அந்த 18 நிமிடத்தைக் காட்டுங்கள் என்று இன்னொரு கூட்டம் கிளம்பியது. இதில் யார் பேச்சைப் பொய் என்பீர்கள்?

இனி சீரியல். அதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. பாலில் மருந்து கலப்பதையும் கதவோரம் நின்று ஒட்டுக்கேட்பதையும் இன்னும் எத்தனை வருடம் காட்டுவார்கள் என்ற எரிச்சல் எனக்கும் உண்டு. ஆனால் அதைச் செய்கிறவர்களுக்கு உங்கள் வீடு தெரியும். நீங்கள் வெங்காயம் உரித்துக்கொண்டே பார்ப்பீர்கள் என்று தெரிந்துதான் ஒரே சேதியை மூன்று பேர் வாயில் மூன்று தடவை சொல்லவைக்கிறார்கள். திரும்பிப் பார்க்க வேண்டிய இடத்தில் ‘டொய்ங்’ என்று ஓர் ஓசையைப் போட்டு உங்கள் தலையைத் திருப்பிவிடுகிறார்கள். தறி ஓடும் வீட்டில் பார்ப்பதற்கென்றே செய்த சரக்கு அது. அதைப் பார்க்கிறவர்களுக்குக் கண் மழுங்கிவிடும் என்று உங்கள் நங்கையாள் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக வந்து வீட்டுப் பெண்களை உருட்டி மிரட்டிய நடிகர் மாரிமுத்து 2023 செப்டம்பரில் இறந்துபோனார். அன்று எங்கள் தெருவில் ஓர் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எங்கள் மாமனார் இரண்டாவது தடவை செத்ததுபோல இருக்கிறது” என்றார். அந்த நடிப்பைப் பற்றி இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

‘ஊரே புகழ்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஊர் எப்படி எண்ணப்படுகிறது தெரியுமா? எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அளக்கும் டி.ஆர்.பி. கணக்குக்காக நாடு முழுவதும் 55,000-க்கு மேற்பட்ட வீடுகளில் கருவி வைத்திருக்கிறார்கள். டிவி இருக்கும் வீடுகளோ 20 கோடிக்கு மேல். சேனலின் ஒலிக்குள் காதுக்குக் கேட்காத ஓர் அடையாளத்தைக் கலந்து அனுப்புவார்கள். கருவி அதைப் பிடித்துக்கொள்ளும். யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்பதற்கு ஆளுக்கொரு பொத்தான். பிடித்ததா என்று கேட்கும் பொத்தான் அதில் கிடையாது. நெட்ஃபிளிக்ஸ், அதிகம் பார்க்கப்பட்டவை என்று வெளியிடும் தன் வாரப் பட்டியலுக்கு 2023 முதல் வேறொரு கணக்குப் போடுகிறது: ஒரு படம் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியதோ, அதைப் படத்தின் நீளத்தால் வகுப்பது. நீங்கள் சோபாவில் தூங்கிய பிறகும் படம் பாட்டுக்கு ஓடி முடிந்தால், அந்தக் கணக்கில் நீங்கள் முழுப் படமும் பார்த்தவர்தான்.

அதனால் எண்ணிக்கையை விடுங்கள், ஆளைப் பாருங்கள். கோபிசெட்டிபாளையத்தில் எனக்கு ஒரு சித்தப்பா இருக்கிறார். சின்ன வயதிலிருந்தே வயலிலும் வாய்க்கால் மேட்டிலும் ஷூட்டிங் வேடிக்கை பார்த்து வளர்ந்தவர். எந்தப் படத்தைப் போட்டாலும், “இது கொடிவேரி அணை, அந்தப் பக்கம்தான் நம் அத்தை வீடு” என்பதில்தான் அவர் விமர்சனம் தொடங்கும். சண்டை நிறைய இருந்தால் நல்ல படம், அழுதால் மட்டம். அவர் ‘பிரமாதம்’ என்று சொன்ன படத்தின் பக்கமே நான் போகமாட்டேன். ‘தூக்கம் வருகிறது’ என்றால் அன்றைக்கே உட்கார்ந்து பார்த்துவிடுவேன். முப்பது வருடமாக அவர் என்னை ஏமாற்றியதில்லை. உங்கள் சொந்தத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். அவர் ரசனை உங்கள் ரசனையோடு ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. நாளுக்கு நாள் மாறாமல் இருந்தால் போதும்.

இப்போது செய்ய வேண்டியது. தறி நிற்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மகனுடைய ஹெட்போனை வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு அந்தப் படத்தை முதலிலிருந்து பாருங்கள். அடுப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லையென்றால் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: “முழுதாகப் பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை.” பிடித்திருந்தாலும் அதே அளவுக்குத்தான் எழுத வேண்டும்.

நங்கையாள் அந்தப் படத்தைப் பார்த்தாரா என்று மட்டும் குழுவில் கேட்டுவிடாதீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கிறது. ஆனால் கேட்டீர்களென்றால் இரண்டு பொங்கலுக்குப் பேச்சுவார்த்தை இருக்காது.