எட்டு ஸ்டெப் ஒரு நிமிடத்தில் சலித்துப்போனால்

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம். மாடுலர் சிந்தசைசரில் (தனித்தனி மாடுல்களைக் கேபிளால் இணைத்து வாசிக்கும் மின்னிசைக் கருவி) இரண்டு வரிசை நாப் உள்ள எட்டு ஸ்டெப் அனலாக் சீக்வென்சர் வைத்திருக்கிறேன்; நாபில் வைத்த சுரங்களை ஸ்டெப் ஸ்டெப்பாகத் திரும்பத் திரும்ப ஓட்டுவது அது. கூடவே இன்னொரு சின்ன எட்டு ஸ்டெப் சீக்வென்சர், க்ளாக் டிவைடர் (ஸ்டெப்பை நகர்த்தும் க்ளாக் துடிப்பை எண்ணிக் குறைத்துத் தருவது), குவாண்டைசர் (வோல்டேஜைப் பக்கத்துச் சுரத்தில் கொண்டுபோய் நிறுத்துவது) இருக்கின்றன. வாசிக்க ஆரம்பித்து ஒரு நிமிடம் நன்றாகப் போகிறது. அப்புறம் அதே சுற்று திரும்பத் திரும்ப வந்து எனக்கே அலுத்துவிடுகிறது. நாபைத் திருகினால் சுருதி எங்கேயோ போய்விடுகிறது. கல்லூரி விழாவில் இருபது நிமிடம் வாசிக்க வேண்டும். நண்பன் உறுமி வாசிப்பான். மேடையிலேயே பேட்டர்னை மாற்றிக்கொண்டே போக என்ன வழி?

பதில்: தம்பி, முதலில் சுருதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடுவோம். அது தீராமல் கையில் தைரியம் வராது.

ஒலியை உண்டாக்கும் உங்கள் ஆஸிலேட்டர் ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட் என்ற கணக்கில் ஓடுகிறது. ஒரு ஸ்தாயிக்குள் பன்னிரண்டு அரைச்சுரங்கள் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 0.083 வோல்ட்தான். சீக்வென்சர் நாப் பூஜ்யத்திலிருந்து 5 வோல்ட் வரை போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுச் சுற்று ஏறத்தாழ 300 டிகிரி. அதற்குள் அறுபது அரைச்சுரங்கள் அடைந்து கிடக்கின்றன. ஒரு சுரத்துக்கு 5 டிகிரி! மேடைப் பதற்றத்தில் எந்தக் கையும் அவ்வளவு நுணுக்கமாக நிற்காது. ஆகவே சீக்வென்சரிலிருந்து வரும் வோல்டேஜை அட்டெனுவேட்டரில் ஒன்றரை, இரண்டு வோல்ட்டுக்குக் குறைத்துவிட்டு அப்புறம் குவாண்டைசருக்குக் கொடுங்கள். குவாண்டைசரில் மோகனம் போல ஐந்து சுரம் மட்டும் வையுங்கள். இப்போது நாபைக் கொஞ்சம் கூடக்குறையத் திருகினாலும் ராகத்தை விட்டு வெளியே போகாது.

இனி அலுப்புக்கு வருவோம். நிறையப் பேர் அலுத்தவுடன் சுரத்தை மாற்றுவார்கள். நான் கடைசியாகத்தான் சுரத்தைத் தொடுவேன். கேட்பவர்கள் ஒரு வடிவத்தை அடையாளம் பிடித்துக்கொண்ட பிறகு அதையே கலைத்துவிட்டால், மாற்றம் நடந்ததே அவர்களுக்குத் தெரியாது. சுரங்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். எந்தச் சுரம் ஒலிக்கிறது, எது மௌனமாகிறது என்பதை மாற்றுங்கள்.

சுடலைமாடன் கோயில் கொடையில் கணியான் கூத்து பார்த்திருப்பீர்கள். சின்ன வயதில் எனக்கு அங்கே முதலில் பிடிபட்டது மகுடம் என்ற தோல் கருவிகள் இரண்டும் பேசிக்கொள்ளும் விதம்தான். ஒன்று நடையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், மற்றது அதன்மேல் ஏறி இறங்கும். விடிய விடிய அலுக்காது. உங்கள் இரண்டு சீக்வென்சர்களையும் அப்படிப் பிரித்துவிடுங்கள்.

பெரியதில் எட்டு ஸ்டெப். சுரம்: ஸ ரி க ப த ப க ரி. இதிலிருந்து கேட், அதாவது சுரத்தை ஒலிக்கச் சொல்லும் சைகை, எடுக்காதீர்கள். சின்னதை ஐந்து ஸ்டெப்பாகக் குறையுங்கள். நீளத்துக்கு ஸ்விட்ச் இல்லையென்றால் ஆறாவது ஸ்டெப்பின் கேட் அவுட்டை, முதல் ஸ்டெப்புக்குத் திருப்பிவிடும் ரீசெட்டில் செருகினால் போதும். அதன் கேட்டில் ஒன்று, மூன்று, நான்காம் ஸ்டெப்களைத் திறந்து மற்ற இரண்டையும் மூடுங்கள். இந்தக் கேட்தான் என்வலப்பை, அதாவது ஒலி எழுந்து அடங்கும் விதத்தை அமைக்கும் மாடுலை, அடிக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே க்ளாக்.

கோடு போட்ட இடம் மௌனம் என்று வைத்துக்கொண்டால், முதல் சுற்றில் கேட்பது: ஸ – க ப – ப – ரி. இரண்டாம் சுற்றில்: ஸ – க – த ப – ரி. மூன்றாம் சுற்றில்: – ரி க – த – க ரி. மூன்றாவதில் ஸட்ஜமே காணாமல் போய்விட்டது, கவனித்தீர்களா? நீங்கள் ஒரு நாபையும் தொடவில்லை. எட்டும் ஐந்தும் மறுபடி ஒன்றாகச் சேர 40 ஸ்டெப் ஆகும். நிமிடத்துக்கு 120 தட்டு, ஒரு தட்டுக்கு நான்கு ஸ்டெப் என்றால் 5 விநாடி. சின்னதை ஏழாக்கினால் 56 ஸ்டெப், 7 விநாடி. ஐந்தான கண்டமும் ஏழான மிஸ்ரமும் கேட்டு வளர்ந்த காது நம்முடையது. இந்தக் கணக்கு நமக்குப் புதிதில்லை.

இப்போது கேட் ஸ்விட்ச்களில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டாவது ஸ்டெப்பைத் திறந்துவிடுங்கள், அல்லது நான்காவதை மூடுங்கள். சுற்று முழுக்கவே வேறு முகம் காட்டும். மாற்றியதும் உடனே அடுத்ததற்குத் தாவாமல் குறைந்தது இரண்டு முறை 40 ஸ்டெப்பும் ஓடட்டும். கைகட்டி நின்று கேட்பதும் வாசிப்பில் சேர்ந்ததுதான்.

ஒரு சின்ன இடைஞ்சல் வரும். கேட் மூடியிருக்கும்போதும் பெரிய சீக்வென்சர் சுரத்தை மாற்றிக்கொண்டேதான் இருக்கும். என்வலப்பின் ரிலீஸ் (ஒலி அடங்க எடுக்கும் நேரம்) நீளமாக இருந்தால், முந்தின சுரத்தின் வாலில் அடுத்த சுரம் ஒட்டிக்கொண்டு வரும். ரிலீஸைக் குறையுங்கள். சாம்பிள் அண்ட் ஹோல்ட் இருந்தால் குவாண்டைசருக்கும் ஆஸிலேட்டருக்கும் நடுவில் வைத்து அதே கேட் சைகையால் ஓட்டுங்கள். அடுத்த கேட் வரும்வரை சுரம் அசையாது.

சுரத்தைத் தொட வேண்டிய நேரத்துக்கு இரண்டு வழி சொல்கிறேன். முதல் வழி, குவாண்டைசருக்கு முன்னால் ஒரு ஆஃப்செட் நாபை (எல்லாச் சுரத்துக்கும் ஒரே அளவு வோல்டேஜ் சேர்ப்பது) கூட்டுவது. அதை மெல்ல ஏற்றினால் மெட்டு முழுவதும் மோகனத்துக்குள்ளேயே மேலே ஏறும். உதாரணமாக, பஞ்சமம் அளவுக்கு, அதாவது 0.583 வோல்ட் ஏற்றினால் காந்தாரம் போய் நிற்க வேண்டிய இடம் காகலி நிஷாதம். அது மோகனத்தில் கிடையாது. குவாண்டைசர் தன் இயல்புக்கு ஏற்ப அதை மேல் ஸட்ஜத்துக்கோ தைவதத்துக்கோ தள்ளிவிடும். இதே ஆஃப்செட்டைக் குவாண்டைசருக்குப் பின்னால் கூட்டினால் நிஷாதம் அப்படியே ஒலித்து ராகம் கெட்டுவிடும். ஒரு கேபிள் இடம் மாறுவதில் இவ்வளவு இருக்கிறது.

இரண்டாவது வழி பெரிய சீக்வென்சரின் இரண்டாம் வரிசை. அதைச் சும்மா போட்டுவைக்காதீர்கள். முதல் வரிசை ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவதை அதே மாதிரி வைத்து, இரண்டு நாபை மட்டும் மாற்றி வையுங்கள். யாருக்கும் கேட்காது. நேரம் வரும்போது ஸ்விட்ச் போட்டு அந்த வரிசைக்கு மாறுங்கள். அடுத்து மௌனமாகிவிட்ட முதல் வரிசையில் இதே வேலை. எட்டு நாபையும் ஒரேயடியாக மாற்றுவதைவிட இரண்டை மாற்றுவது நூறு மடங்கு மேல்.

மூக் நிறுவனத்தின் பழைய 960 சீக்வென்சரில் எட்டு ஸ்டெப், மூன்று வரிசை. ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் கீழே தாண்டு, நில் என்று சொல்ல ஒரு ஸ்விட்ச் உண்டு. மூன்றாவது வரிசையைச் சுரத்துக்குக் கொடுக்காமல் ஒவ்வொரு ஸ்டெப்பின் கால அளவுக்கும் கொடுக்கலாம். அப்போதே இந்த யோசனைகள் இருந்திருக்கின்றன. மூக் சிந்தசைசர் 1969-லேயே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்துவிட்டது, அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் வந்து அந்த ஸ்டூடியோவை அமைத்துக்கொடுத்தார். இது நம் நாட்டுக்கு ஒட்டாத கருவி என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

சரி, கலைந்த கணக்கை ஒன்றுசேர்க்க ரீசெட். கோர்வை தாளத்தின் முதல் தட்டான சமத்தில் வந்து விழுகிற மாதிரி இரண்டு சீக்வென்சரும் ஒன்றாக முதல் ஸ்டெப்பில் விழுந்தால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். ஆனால் ரீசெட் பட்டனைக் கையால் அழுத்தினால் தாளம் தப்பும். க்ளாக் டிவைடரில் 32 துடிப்புக்கு ஒருமுறை வரும் அவுட்டை ஒரு ஸ்விட்ச் வழியாக இரண்டின் ரீசெட்டுக்கும் கொடுங்கள். வேண்டும் என்று தோன்றும்போது ஸ்விட்சை முன்கூட்டியே திறந்துவிடுங்கள். சரியான இடத்தில் ரீசெட் தானாக வந்து விழும். விழுந்ததும் மூடிவிடுங்கள். ரீசெட்டும் க்ளாக்கும் ஒரே நேரத்தில் வந்தால் சில சீக்வென்சர்கள் முதல் ஸ்டெப்பை விட்டு இரண்டாவதில் போய் நிற்கும். வீட்டிலேயே இதைச் சோதித்துவிடுங்கள். அப்படி நின்றால் சீக்வென்சர்களுக்குப் போகும் ரீசெட்டை மட்டும் சில மில்லிவிநாடி தாமதிக்க வேண்டும்.

விழா அன்று அரைமணி நேரம் முன்பே சிந்தசைசரை ஆன் பண்ணி வையுங்கள். மகுடத்தைத் தீயில் காட்டிய பிறகுதானே அடிக்கிறார்கள். அனலாக் ஆஸிலேட்டரும் சூடு நிலைத்த பிறகுதான் சுருதியில் நிற்கும். ஏசி காற்றோ மேடை ஃபேனோ நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம்மூர் வெயிலில் மதியம் சேர்த்த சுருதி ராத்திரி அப்படியே இருக்காது, வாசிக்கும் முன் இன்னொரு தடவை சேருங்கள்.

உறுமி உங்கள் க்ளாக்கோடு சேர வேண்டுமென்றால் நண்பருக்கு மானிட்டரில் க்ளாக் சத்தம் தனியாகக் கேட்க வேண்டும். எனக்குப் பிடித்தது இதற்கு நேர்மாறான வழி. டோப்ஃபர் நிறுவனத்தின் ஏ-119 மாதிரி வெளி ஒலியைக் கேட்டாக்கித் தரும் மாடுலை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். உறுமியில் ஒரு கான்டாக்ட் மைக் ஒட்டி, அதன் கேட்டைச் சின்ன சீக்வென்சரின் க்ளாக்கில் செருகுங்கள். அதன் ஐந்து நாப்கள் தரும் வோல்டேஜ் இப்போது ஆஃப்செட் நாபுக்குப் பதிலாகக் குவாண்டைசருக்கு முன்னால் கூடட்டும். பெரிய சீக்வென்சருக்கு அதன் சொந்தக் கேட்டைத் திருப்பிக் கொடுங்கள். த்ரெஷ்ஹோல்டை நன்றாக ஏற்றி வைத்தால் பலமான அடிக்கு மட்டும் ஒரு ஸ்டெப் நகரும். நண்பர் ஓங்கி ஒரு அடி வைத்ததும் உங்கள் மெட்டு எழும்பி அடுத்த படிக்குப் போகும்; அவர் தணிந்து வாசிக்கிற நேரமெல்லாம் அங்கேயே நிற்கும்.