ஆழத்து மீனும் நீச்சல்பையும்

கேள்வி: அமெரிக்காவில் சியாட்டில் அருகே படகில் தூண்டில் போடச் சென்ற என் மகன், வேண்டாத சால்மனை அப்படியே நீரில் விட்டவர்கள், அடிமீனை மட்டும் எடை கட்டிய கருவியில் மாட்டி ஆழத்துக்கு இறக்கியதாகச் சொன்னான். இந்த வேறுபாடு ஏன்? நம் கலவாவுக்கும் இது பொருந்துமா?
- வாசகர், குளச்சல்

பதில்: பொருந்தும். காரணம் நீச்சல்பை, அதாவது மீன் மிதக்க உதவும் உடலுக்குள் உள்ள காற்றுப்பை. சால்மனுக்கு அப்பையிலிருந்து உணவுக்குழாய்க்கு ஒரு நாளம் இருப்பதால், மேலே வரும்போது காற்றை வாய்வழியே வெளியேற்றிவிடும். அங்கு அடிமீனாகப் பிடிபடும் பாறைமீனுக்கும் நம் கலவாவுக்கும் அந்த வழி இல்லை. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்பதால், 30 மீட்டர் ஆழத்திலிருந்து விரைவாக இழுக்கப்படும் கலவாவின் பையிலுள்ள காற்று நான்கு மடங்காக விரியப் பார்க்கும். கண் பிதுங்கி, வாய்க்கு வெளியே இளஞ்சிவப்புக் குமிழ் தள்ளி நிற்கும் கலவாவை உங்கள் கரையிலேயே பார்த்திருப்பீர்கள். அக்குமிழ் நீச்சல்பை அன்று, விரிந்த பை வெளியே தள்ளிய இரைப்பை. அதைக் குத்தி உடைத்துவிட்டு மீனைக் கடலில் விடுவது பெருங்கேடு. உரிய ஆழத்துக்கு உடனே இறக்கினால் காற்று மீண்டும் சுருங்கி, மீன் தானே நீந்திப் போக வாய்ப்புண்டு. வாஷிங்டன் மாநிலக் கடலில் அடிமீனுக்குச் செல்லும் படகில் அக்கருவி கட்டாயம். பெயரால் குழம்ப வேண்டாம்: நம் சந்தையில் ‘இந்தியன் சால்மன்’ எனப்படும் காலா, சால்மன் குடும்பமே அன்று.