ஐ.நா. பணியில் வெளிநாட்டுப் போலீஸ் தலைமைக்கு ஆலோசகராகப் போனால், அங்கே உண்மையில் என்ன வேலை?

மொழித் தேர்வு, வண்டி ஓட்டும் தேர்வு, டெபுடேஷன் படி பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். போய் இறங்கிய பிறகு என்ன என்பதை மட்டும் சொல்கிறேன். 2012-இல் முடிந்துபோன கிழக்குத் திமோர் ஐ.நா. பணியை வைத்துச் சொல்வது சுலபம்.

2006 கலவரத்தில் தலைநகர் டிலியில் அந்நாட்டுக் காவல்துறை குலைந்துபோக, ஐ.நா. போலீஸே ஸ்டேஷன்களை நடத்தியது. 2009 மே மாதம் லௌதெம் மாவட்டத்தில் தொடங்கி 2011 மார்ச் 27-க்குள் 13 மாவட்டங்களும் உள்ளூர்க் காவல்துறையிடம் திரும்பின. ஒப்படைப்பதற்கு வைத்த நிபந்தனைகளில் ஒன்று, தகுதியுள்ள போலீஸாரில் 80 சதவீதம் பேராவது போலீஸ் வேலைக்கு ஏற்றவர் என்ற இறுதிச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்பது. ஒப்படைத்த மறுநாள் அதே ஸ்டேஷன், அதே ஆட்கள். ஆனால் நேற்றுவரை உத்தரவு போட்ட வெளிநாட்டு அதிகாரி இன்று வெறும் ஆலோசகர். ஆலோசகருக்குக் கையெழுத்து கிடையாது. அதை மறந்து தானே வேலையைச் செய்துவிடுவதுதான் எங்கும் நடக்கிற தவறு.

அதனால் முதல் இரண்டு வாரம் உள்ளூர்ப் போலீஸ் கமாண்டர் எதிலெல்லாம் கையெழுத்துப் போடுகிறார் என்று பாருங்கள்: டியூட்டி பட்டியல், பெட்ரோல் சீட்டு, லாக்கப் பதிவேடு, பிராசிக்யூட்டருக்கு (அரசுத் தரப்பு வழக்கறிஞர்) போகும் கோப்பு. பிறகு ஒன்றே ஒன்றைப் பிடியுங்கள்.

லாக்கப் பதிவேடு நல்ல தொடக்கம். அங்கே கைதானவரை 72 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். நம் 24 மணி நேரக் கணக்கோடு போகாதீர்கள். மலைக் கிராமத்தில் காலையில் பிடித்தவரை மாலையில் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து, வந்த நேரத்தை மட்டும் எழுதினால், அரை நாள் காணாமல் போகிறது. பிடித்த நேரம், வந்த நேரம், பிராசிக்யூட்டருக்குச் சொன்ன நேரம் என மூன்று கட்டம் போதும். தினமும் காலையில் கமாண்டரே பார்த்துச் சுருக்கொப்பம் இட வேண்டும். நீங்கள் சரிபார்த்தால், நீங்கள் லீவில் போகிற அன்றே பதிவேடு நின்றுவிடும்.

ரோந்துத் திட்டம் தோற்பது பெரும்பாலும் பெட்ரோலில்தான். போக வர 60 கி.மீ., வாரம் மூன்று தடவை, மலைப்பாதையில் லிட்டருக்கு 30 கி.மீ. என்றால் ஒரு பைக்குக்கு 6 லிட்டர். இதைக் கணக்குப் போட்டு, ஒதுக்கீடு கேட்கும் கடிதம் கமாண்டர் பெயரில் தலைமையகத்துக்குப் போன பிறகு திட்டம் எழுதுங்கள். ஐ.நா. வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் அந்தக் கடிதத்தை யாரும் எழுத மாட்டார்கள்.

சட்டம் போர்த்துகீசில், பேச்சு உள்ளூர் மொழியான தேத்தும் மொழியில், மூத்தவர்கள் பலருக்கு எழுத வருவது இந்தோனேசிய மொழி, உங்கள் அறிக்கை ஆங்கிலத்தில். மொழிபெயர்ப்பாளரிடம் கூட்டத்துக்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். கமாண்டரைப் பார்த்துப் பேசுங்கள், இரண்டிரண்டு வாக்கியமாக. சின்ன ஊரில் மொழிபெயர்ப்பாளர் யாருக்காவது சொந்தக்காரராகத்தான் இருப்பார். பெண்கள் மீதான வன்முறை வழக்கென்றால் வேறு ஆளைக் கேளுங்கள்.

அந்த வழக்குகள் தனிச் சிக்கல். 2010 சட்டப்படி குடும்ப வன்முறை பொதுக் குற்றம். புகார்தாரர் வாபஸ் வாங்கினாலும் வழக்கு முடியாது. ஆனாலும் ஊர்த்தலைவர் முன்னால் சமாதானம் பேசி அனுப்பும் பழக்கம் விடவில்லை. உபதேசம் வேண்டாம். வாரக் கூட்டத்தில் எத்தனை புகார் வந்தது, எத்தனை பிராசிக்யூட்டருக்குப் போனது, மீதி எங்கே என்று கமாண்டரே தன் ஆட்களைக் கேட்கும்படி செய்யுங்கள். ஊர்த்தலைவர்களைக் கூப்பிட்டுப் பேசுவதும் அவர்தான்.

குறையைத் தனியாகச் சொல்லுங்கள், கீழே உள்ளவர்கள் முன்னால் ஒருபோதும் வேண்டாம். விடுதலைப் போராட்டத்தில் இருந்தவர், உங்களைவிட வயதில் மூத்தவர் எதிரே உட்கார்ந்திருக்கலாம். இதில் விலக்கு ஒன்றுதான்: லாக்கப்பில் அடி விழுந்தால் அன்றைக்கே ஐ.நா. மனித உரிமைப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கிறேன் என்று கமாண்டரிடமும் நேரில் சொல்லிவிடுங்கள். பின்னால் வேறு வழியாக அவர் காதுக்குப் போனால் பிறகு எதையும் உங்களிடம் காட்ட மாட்டார்.

ஆலோசகர்கள் பல நாட்டுக்காரர்கள். பெரும்பாலும் ஒரு வருடத்தில் மாறிவிடுவார்கள். புதிதாக வருகிறவர் தன் நாட்டு முறையை மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். கிளம்பும்போது, எது ஓடுகிறது, எது பாதியில் நிற்கிறது என்று அரைப் பக்கம் தேத்தும் மொழியில் எழுதி, கமாண்டர் மேஜையில் ஒரு பிரதி வையுங்கள். அடுத்தவரிடம் அதை எடுத்துக் காட்டப்போவது அவர்தான்.