யமஹா ஆர்டி 350 பைக்: எத்தனை முறை கார்புரேட்டர் டியூன் பண்ணினாலும் ஐடிலிங் (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகம்) நிலையாக நிற்பதில்லையே, ஏன்?

கார்புரேட்டரைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறி, அதாவது வண்டி சூடானதும் ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஆர்பிஎம் இறங்காமல் கத்துவது, என் வண்டியிலும் இருந்தது. பார்த்த மெக்கானிக் இடது கார்புரேட்டரின் ஏர் ஸ்க்ரூவைக் (காற்றின் அளவை மாற்றும் திருகு) கிட்டத்தட்ட முழுக்க முறுக்கி ரிச் ஆக்கிச் (காற்றைக் குறைத்து, கலவையில் பெட்ரோலைக் கூட்டி) சரிக்கட்டினார். ரெண்டு வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் பைபாஸில் ஒரு நீண்ட இழுப்பில் இடது பிஸ்டன் சீஸ், அதாவது சிலிண்டரோடு இறுகிச் சிக்கிக்கொண்டது. பின் டயர் கிறீச்சிட்டதும் கை தானாகக் கிளட்சைப் பிடித்ததால் பிழைத்தேன்.

இதை ஒரே 347 சிசி இன்ஜினாகப் பார்க்காதீர்கள். ஒரே கிராங்கில் மாட்டிய ரெண்டு சிங்கிள் சிலிண்டர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் காற்றும் பெட்ரோலும் முதலில் கிராங்க் கேஸுக்குள் போய் அமுங்கித்தான் மேலே ஏறும். அதனால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கீழே தனித்தனி அறை. அந்த அறையைக் காப்பது கிராங்க் ஓரத்து ஆயில் சீல். மின்சாரம் தயாரிக்கும் காயில் (coil) இருக்கும் இடது பக்கச் சீல் காய்ந்துபோனால் வெளிக்காற்றை உறிஞ்சும்: அந்தப் பக்கம் லீன் (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு), பிளக் வெள்ளை, கடைசியில் சீஸ். கிளட்ச் இருக்கும் வலது பக்கச் சீல் போனால் கியர் ஆயிலைக் குடிக்கும். வலது சைலன்சரில் மட்டும் புகை மண்டும், கியர் ஆயில் அளவும் குறைந்துகொண்டே வரும். உங்கள் வண்டியில் புகை இல்லை என்கிறீர்கள். எனக்கு இடது சீல் மேல்தான் சந்தேகம்.

சோதிப்பது சுலபம். இன்லெட், எக்ஸாஸ்ட் ரெண்டையும் அடைத்து, பிளக் ஓட்டை வழியாக 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். ரெண்டு மேனிஃபோல்டையும் (கார்புரேட்டரை இன்ஜினோடு சேர்க்கும் குழாய்) இணைக்கும் சின்ன ரப்பர் டியூபையும் விடாதீர்கள். அதில் மயிரிழை வெடிப்பு இருந்தாலே போதும், இதே கூத்துதான். சீல்தான் என்றால் கிராங்க் கேஸைப் பிரித்தாக வேண்டும், செலவு உண்டு.

அடுத்து பாயின்ட், அதாவது பிளக்கில் எப்போது பொறி வர வேண்டும் என்று தீர்மானிக்கும் சின்ன ஸ்விட்ச். ரெண்டு சிலிண்டருக்கும் தனித்தனி பாயின்ட் செட். பிளக் ஓட்டையில் டயல் கேஜ் மாட்டி, பிஸ்டன் உச்சிக்கு 2 மி.மீ. முன்னால் பாயின்ட் திறக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். காதால் கேட்டு டைமிங் வைக்கிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள், எவ்வளவு பெரிய கையானாலும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் கார்புரேட்டர். ஏர் ஃபில்டர் பக்கத்தைக் கழற்றி, ரெண்டு ஸ்லைடும் (ஆக்சிலேட்டரைத் திருகினால் மேலே ஏறும் வால்வு) ஒரே நேரத்தில் கிளம்புகிறதா என்று விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். கேபிள் அட்ஜஸ்டரில் சரிசெய்யுங்கள். ஏர் ஸ்க்ரூ ரெண்டும் முழுக்க மூடிய நிலையிலிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. ஒன்றுக்கு அரைச் சுற்றும் இன்னொன்றுக்கு மூன்று சுற்றும் வைத்தால்தான் ஓடுகிறது என்றால், மறுபடி சீலுக்கே திரும்புங்கள். அதுவரை ஹைவே பக்கம் எடுத்துப் போக வேண்டாம்.